தேர்வுக் கட்டணமும் பழுதுச் செலவும்: அரசு ஆதரவு பெற்ற சைபர் சான்றிதழ்களுக்குப் பணம் வரும் வழிகள்

பிரிட்டனில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு கணக்கர் அலுவலகம், தன் கணினிகளில் அடிப்படைப் பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டும் ‘சைபர் எசென்ஷியல்ஸ்’ சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், அதற்கான கட்டணம் 320 பவுண்டு. அதன்மேல் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி 64 பவுண்டு. ஆக 384 பவுண்டு. திட்டம் அரசினுடையது. தேசிய சைபர் பாதுகாப்பு மையமான என்சிஎஸ்சி அதற்குப் பின்னால் நிற்கிறது. மத்திய அரசின் சில ஒப்பந்தங்களுக்கு 2014 அக்டோபர் முதலே இது கட்டாயம். அப்படியிருக்க, அந்த அலுவலகத்தின் உரிமையாளர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “அரசு கேட்கிற சான்றிதழுக்கு நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?” என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு முன் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். தேர்வுக் கட்டணத்தைத் தேர்வு எழுதுபவரே கட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் தேர்வில் தேறும் நிலைக்கு ஒரு சிறிய அமைப்பைக் கொண்டுவரும் செலவு வேறு வகைச் செலவு. பொதுப்பணம் போக வேண்டிய இடம் அது. இந்த இரண்டு செலவுகளையும் ஒன்றாகக் குழப்பும் திட்டங்கள் பணத்தைத் தவறான இடத்தில் கொட்டுகின்றன.

பிரிட்டன்: கட்டணத்தில் ஓடும் திட்டம்

சைபர் எசென்ஷியல்ஸ் 2014 ஜூன் மாதம் தொடங்கியது. தீச்சுவர் (ஃபயர்வால்), பாதுகாப்பான அமைப்பு முறை, பயனர் அணுகல் கட்டுப்பாடு, வைரஸ் போன்ற தீநிரல்களைத் தடுத்தல், மென்பொருள் புதுப்பிப்பு என்று ஐந்து அடிப்படைகள். முதல் நிலையில் நிறுவனமே கேள்வித்தாளுக்கு விடை எழுதுகிறது. ஒரு மதிப்பீட்டாளர் அதைச் சரிபார்க்கிறார். ‘பிளஸ்’ என்ற இரண்டாம் நிலையில் கணினிகளையே நேரடியாகச் சோதிக்கிறார்கள். சான்றிதழின் ஆயுள் பன்னிரண்டு மாதம்.

பணம் வரும் வழி இந்தத் திட்டத்தில் ஒருமுறை தலைகீழாக மாறியிருக்கிறது. இந்த ஒப்பீட்டில் அதிகம் கற்றுத்தருவது அந்த மாற்றம்தான் என்பதால் அங்கே சற்று நின்று பார்க்கலாம்.

2020 மார்ச் வரை ஏபிஎம்ஜி, கிரெஸ்ட், ஐயாஸ்மி, ஐஆர்எம், கியூஜி என்று ஐந்து அங்கீகார அமைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் சான்றளிக்கும் நிறுவனங்கள் பல. ஐந்து கடைகள் போட்டி போட்டால் விலை இறங்கும், தரம் ஏறும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. கிரெஸ்ட் வழியாகப் போனால் முதல் நிலையிலேயே, ஊடுருவ இடம் தரும் பலவீனங்கள் இருக்கின்றனவா என்று வெளியிலிருந்து இணையவழிச் சோதனை ஒன்றும் செய்வார்கள். ஐயாஸ்மி வழியாகப் போனால் கேள்வித்தாள் மட்டும். இரண்டு வழியிலும் கிடைப்பது ஒரே பெயருள்ள சான்றிதழ். அதைக் காட்டி ஒப்பந்தம் கேட்கும் நிறுவனத்தை எதிரே இருப்பவர் எப்படி எடைபோடுவார்? சோதனை செய்யப்பட்டதா, எழுதியதை நம்பி வழங்கப்பட்டதா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. போட்டியில் இருப்பவர்கள் சான்றிதழை விற்கிறார்கள். வாங்குபவருக்குத் தேவை விரைவாகவும் மலிவாகவும் கிடைப்பது. அந்தச் சந்தையில் கடினமான தேர்வு வைப்பவருக்கு வாடிக்கையாளர் குறைவாகத்தான் வருவார்கள். பரீட்சை நடத்தும் வாரியங்கள் மாணவர்களைப் பிடிக்கப் போட்டி போட்டால் கேள்வித்தாள் எந்தப் பக்கம் சாயும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஐந்து விதமான நடைமுறைகள் குழப்பம் தருகின்றன என்று முடிவு செய்த என்சிஎஸ்சி, 2020 ஏப்ரல் 1 முதல் முழுத் திட்டத்தையும் நடத்தும் பொறுப்பை ஐயாஸ்மி என்ற ஒரே அமைப்பிடம் கொடுத்தது. மால்வர்ன் நகரில் இருக்கும் நிறுவனம் இது. அன்றிலிருந்து முதல் நிலைச் சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பித்தாலும் ஒரே கேள்வித்தாள், ஒரே விலை. முதலில் எல்லோருக்கும் 300 பவுண்டு. பத்துப் பேர் இருக்கும் கடைக்கும் பத்தாயிரம் பேர் இருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே தொகை என்பது சரிவரவில்லை. பெரிய நிறுவனத்தின் விடைகளைப் படித்து முடிக்கவே நேரம் அதிகம் ஆகிறது. 2022 ஜனவரியில் அளவுக்கேற்ற கட்டணம் வந்தது. ஒன்பது பேர் வரை 300, நாற்பத்தொன்பது வரை 400, இருநூற்று நாற்பத்தொன்பது வரை 450, அதற்கு மேல் 500 பவுண்டு. பின்னர் அந்த வரிசை 320, 440, 500, 600 என்று உயர்ந்தது. எல்லாமே வரி நீங்கலாக.

அந்தத் தொகைக்குள் ஒரு காப்பீடும் இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் இரண்டு கோடி பவுண்டுக்குள் இருக்கும் பிரிட்டன் நிறுவனம் தன் அமைப்பு முழுவதற்கும் சான்றிதழ் வாங்கினால், 25,000 பவுண்டு வரையிலான சைபர் காப்பீடு சேர்ந்தே வருகிறது. இதை நான் வெறும் இலவச இணைப்பாகப் பார்க்கவில்லை. சான்றிதழ் பெற்ற நிறுவனம் தாக்கப்பட்டால் யாரோ ஒருவருக்குக் கைப்பணம் போகிறது என்ற நிலை, திட்டத்தை நேர்மையாக வைத்திருக்கிறது. இந்தக் கட்டுப்பாடுகள் உள்ள நிறுவனங்கள் 92 சதவீதம் குறைவாகவே இழப்பீடு கோருகின்றன என்று பிரிட்டன் அரசு சொல்லிவருகிறது. பொதுவாகவே கவனமாக இருக்கும் நிறுவனங்கள்தான் சான்றிதழும் வாங்கும் என்பதால் அந்த 92 முழுவதையும் சான்றிதழின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. ஆனாலும் காப்பீட்டுக் கோரிக்கை என்ற அளவுகோல் ஒன்று இருப்பதே பெரிய விஷயம்.

இந்த வழியின் பலவீனம் கட்டணம் சிறியதாக இருப்பதிலேயே இருக்கிறது. 320 பவுண்டில் திட்டத்தை நடத்துபவரின் பங்கு போக வேண்டும், காப்பீட்டுக்குப் போக வேண்டும், மிச்சம் சான்றளிக்கும் நிறுவனத்துக்கு. மதிப்பீட்டாளர் ஒரு விடைத்தாளுடன் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? ‘எல்லா மடிக்கணினிகளிலும் தீச்சுவர் இயங்குகிறதா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதியிருந்தால், அந்த மடிக்கணினியைத் திறந்து பார்க்க இந்தத் தொகையில் வழியில்லை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் விடைகள் உண்மை என்று உறுதிமொழி கொடுக்கிறார். முதல் நிலை அந்த உறுதிமொழியின் மேல்தான் நிற்கிறது. விடை தவறாக இருந்தால் மறுப்புக் காரணத்தைச் சொல்லி, இரண்டு வேலை நாட்களுக்குள் திருத்தி மீண்டும் அனுப்பக் கூடுதல் கட்டணமில்லாமல் வாய்ப்பும் தருகிறார்கள். தோற்றவரிடம் மீண்டும் முழுப்பணம் கறக்காத அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தோல்வியில் லாபம் பார்க்கும் தேர்வு மோசமான தேர்வு.

பிளஸ் நிலைக்கு நிலையான விலை கிடையாது. கணினிகளின் எண்ணிக்கை, கிளைகள், சிக்கல் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு நிறுவனமும் விலை சொல்கிறது. ஆகவே பிரிட்டனில் ஒரே கூரையின் கீழ் இரண்டு பொருளாதாரங்கள் நடக்கின்றன. கீழ்த்தளத்தில் நிர்ணயித்த கட்டணம். மேல்தளத்தில் சந்தை விலை. சான்றளிக்கும் நிறுவனங்களில் பல, பாதுகாப்புச் சேவைகளும் விற்பவை. கீழே சொற்பத் தொகைக்கு வேலை செய்வது மேலே வரப்போகும் வாடிக்கையாளருக்காகவும்தான் என்று நான் கருதுகிறேன். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் திட்டத்தைக் கண்காணிப்பவர்கள் மறக்கக் கூடாத உண்மை அது.

இன்னொன்றும் உண்டு. போட்டியை எடுத்துவிட்டால், கட்டணம் ஏறும்போது வேறு கடைக்குப் போக முடியாது. 300 என்பது 320 ஆனது பெரிய உயர்வில்லை. 500 என்பது 600 ஆனது ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. விலையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு இப்போது முழுக்க என்சிஎஸ்சி தலையில் இருக்கிறது.

அமெரிக்கா: அரசு ஒரு காசும் தராத அங்கீகாரம்

பென்டகனின் சிஎம்எம்சி (சைபர் பாதுகாப்பு முதிர்ச்சி மாதிரிச் சான்றிதழ்) திட்டம் அளவிலேயே வேறு. ராணுவத்துக்குப் பொருளோ சேவையோ வழங்கும் நிறுவனங்கள், தங்களிடம் இருக்கும் அரசுத் தகவலைக் காப்பாற்றும் திறனை நிரூபிக்க வேண்டும். முதல் நிலையில் 15 தேவைகள், இரண்டாம் நிலையில் 110. திட்ட விதி 2024 டிசம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தங்களில் நிபந்தனையாகச் சேர்ப்பது 2025 நவம்பர் 10 அன்று தொடங்கியது.

இங்கே அங்கீகார அமைப்பு ஒரு லாப நோக்கற்ற நிறுவனம். பென்டகன் அதனுடன் போட்டிருப்பது பணப் பரிமாற்றம் இல்லாத ஒப்பந்தம். மதிப்பீட்டு நிறுவனங்களும் மதிப்பீட்டாளர்களும் செலுத்தும் பதிவுக் கட்டணம், அங்கீகாரக் கட்டணம் ஆகியவற்றிலிருந்துதான் அது பிழைத்தாக வேண்டும். வரிப்பணம் மிச்சம் என்று கணக்குப் போடலாம். 2020 செப்டம்பரில் அந்தக் கணக்கின் மறுபக்கம் தெரிந்தது. அப்போதுதான் தொடங்கியிருந்த அந்த அமைப்பு, ஐந்து லட்சம் டாலர் வரை கொடுத்து ‘வைரப் பங்குதாரர்’ ஆகலாம் என்று தன் இணையதளத்தில் அறிவித்தது. பாதுகாப்புத் தொழிலில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. தராசைப் பிடிப்பவருக்கு எடை போடப்படுபவரே சம்பளம் கொடுப்பதா என்பதுதான் எல்லோரும் கேட்டது. அறிவிப்பை விரைவில் எடுத்துவிட்டார்கள். இயக்குநர் குழுவின் தலைவரும் பதவியை விட்டுப் போனார்.

அந்தத் தவறைத் தனிமனிதர்கள் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. தேசப் பாதுகாப்புக்கான ஒரு வாயிலைக் காக்கும் வேலையை ஒப்படைத்துவிட்டு, அதற்குத் தொடக்க முதல்கூடக் கொடுக்காமல் விட்டால், அந்த அமைப்பு பணத்துக்கு எங்கே போகும்? தன்னைச் சுற்றி இருப்பவர்களிடம்தான். சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அந்தச் சான்றிதழால் ஆதாயம் அடையப் போகிறவர்கள்.

இப்போதைய விதிகளில் மதிப்பிடுபவரும் ஆலோசனை சொல்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற தடை கறாராக இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கா மற்ற இரண்டு நாடுகளுக்கும் முன்னால் நிற்கிறது. ஆனால் விலை? மதிப்பீட்டு நிறுவனங்கள் சந்தை விலைக்கு வேலை செய்கின்றன. வெளி மதிப்பீட்டாளர் வரும் இரண்டாம் நிலைக்கு, ஒரு சிறிய நிறுவனத்துக்கு மூன்றாண்டுச் சுற்றில் ஏறத்தாழ 1,04,000 டாலர் ஆகும் என்று பென்டகனே விதியுடன் சேர்த்து மதிப்பிட்டிருக்கிறது. சொந்தமாக மதிப்பிட்டுக்கொள்ளும் வகையில்கூட ஏறத்தாழ 37,000 டாலர். நிறுவனத்தின் ஊழியர்கள் செலவிடும் நேரமும் அதில் அடக்கம்.

அந்த 1,04,000 டாலரில் 110 தேவைகளை நிறைவேற்றும் செலவு சேரவில்லை. அந்தத் தேவைகள் 2017 முடிவிலிருந்தே ஒப்பந்தத்தில் இருக்கின்றன, ஆகவே அது புதிய செலவில்லை என்பது பென்டகனின் வாதம். சட்டப்படி அது சரி. பட்டறையில் பதினைந்து பேரை வைத்து விமான உதிரிபாகம் கடைந்து கொடுப்பவருக்கு அந்த வாதம் எந்த வகையிலும் உதவாது. அவர் ராணுவ வேலையையே விட்டுவிடலாமா என்று யோசிப்பார். அவர் விட்டால் அந்த உதிரிபாகத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியது அரசுதான்.

மிக உயர்ந்த மூன்றாம் நிலைக்கு வந்தால் பென்டகன் தன் கொள்கையையே மாற்றிக்கொள்கிறது. அங்கே அரசின் சொந்த மதிப்பீட்டு மையத்திலிருந்து அரசு ஊழியர்களே வருகிறார்கள். உண்மையிலேயே முக்கியம் என்று நினைக்கும் இடத்தில் மதிப்பீட்டாளருக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது என்பதை இந்த விவாதத்தில் யாரும் லேசாகக் கடந்து போகக் கூடாது.

சிங்கப்பூர்: மானியம் எந்த இடத்தில் இறங்குகிறது

சிங்கப்பூரின் சைபர் பாதுகாப்பு முகவை என்ற அரசு அமைப்பு, 2022 மார்ச்சில் இரண்டு சான்றிதழ்களைக் கொண்டுவந்தது. சிறிய நிறுவனங்களுக்கு ‘சைபர் எசென்ஷியல்ஸ்’ முத்திரை. பெயர் பிரிட்டனுடையதைப் போல இருந்தாலும் திட்டம் தனி. முதிர்ச்சி அடைந்த நிறுவனங்களுக்கு ‘சைபர் டிரஸ்ட்’ முத்திரை. முகவை நியமித்த சான்றளிக்கும் நிறுவனங்களிடம் விண்ணப்பதாரர் பணம் கட்டுகிறார். இதுவரை பிரிட்டனைப் போலத்தான்.

வித்தியாசம் 2023இல் வந்தது. ஒரு சிறிய நிறுவனத்துக்குத் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை முழுநேரம் வைத்துக்கொள்ள வசதி இருக்காது. அந்த வேலையைச் சேவையாக வழங்கும் ஆலோசகர்களை முகவை பட்டியலிட்டது. அவர்கள் வந்து நிலைமையைப் பார்த்து, எதை எந்த வரிசையில் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு சைபர் ஆரோக்கியத் திட்டம் தயாரித்து, முத்திரைக்குத் தகுதி பெறும் நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். தகுதியுள்ள நிறுவனங்களுக்கு இந்தச் செலவில் 70 சதவீதம் வரை அரசு ஏற்கிறது.

நான் முதலில் சொன்ன பிரிவினை இதுதான். தேர்வுக்கு முந்தைய உழைப்பில் அரசுப் பணம் இறங்குகிறது. மிச்சம் 30 சதவீதம் நிறுவனத்தின் கையிலிருந்து போவதால் ஆலோசகர் நேரத்தை வீணாக்கினால் கேட்க ஆள் இருக்கிறது. இதில் எனக்குள்ள கவலை ஒன்று: பட்டியலில் இருக்கும் ஆலோசகர்களே சந்தையாகிவிடும் அபாயம். மானியம் இருக்கும் வரை வாடிக்கையாளர் வருவார். அதன்பின் அந்த நிறுவனத்தின் கணினிகளை யார் கவனிப்பார்கள்?

இதே நாடு வேறொரு திட்டத்தில் இன்னொரு உத்தியையும் பயன்படுத்தியது. வைஃபை ரௌட்டர் போன்ற கருவிகளுக்கான பாதுகாப்பு லேபிள் திட்டம் 2020 அக்டோபரில் தொடங்கியபோது, முதல் ஓராண்டுக்கு விண்ணப்பக் கட்டணத்தை விலக்கியது. புதிய லேபிளைக் கடை அலமாரியில் பழக்கப்படுத்த அது நல்ல வழி. தொடக்கத்துக்கு மட்டும் என்று முன்கூட்டியே தேதி போட்டுச் சொன்னதால், கட்டணம் வந்தபோது யாரும் ஏமாந்ததாக உணர வேண்டியதில்லை.

முழுவதும் இலவசமாக்கினால்?

பிரிட்டன் இதைச் சிறிய அளவில் முயன்றிருக்கிறது. 2023இல் என்சிஎஸ்சி தொடங்கிய நிதியுதவித் திட்டத்தில், தனிப்பட்ட தகவல்களைக் கையாளும் சிறிய தொண்டு நிறுவனங்களுக்கும் சட்ட உதவி வழங்கும் சிறிய அலுவலகங்களுக்கும் சுமார் 20 மணிநேரத் தொலைதூர உதவி இலவசமாகக் கிடைத்தது. கட்டுப்பாடுகளை நிறுவ நிபுணர் கூடவே இருந்து உதவுவார். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவரின் புதிய முகவரி ஒரு தொண்டு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது என்று வையுங்கள். அந்த முகவரி கசிந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தால், அந்த 20 மணிநேரத்துக்குச் செலவிட்ட வரிப்பணத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அதற்கு முன்பே ஸ்காட்லாந்தில் சிறு நிறுவனங்களுக்கு 1,000 பவுண்டு வவுச்சர் கொடுத்தார்கள். அதுவும் கட்டணத்தைத் தாண்டித் தயாரிப்புச் செலவுக்கும் உதவும் அளவுள்ள தொகை.

ஆனால் கட்டணத்தையே எல்லோருக்கும் ரத்து செய்வது இன்னொரு சங்கதி. பிரிட்டன் அரசின் 2024 சைபர் ஊடுருவல் கணக்கெடுப்பில், இந்தத் திட்டத்தைக் கேள்விப்பட்டிருந்த வணிகங்கள் 12 சதவீதம். பின்பற்றுவதாகச் சொன்னவை 3 சதவீதம். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குத் திட்டத்தின் பெயரே தெரியாது. 320 பவுண்டைப் பூஜ்யமாக்கினால் அவர்கள் வந்துவிடுவார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. வாடிக்கையாளரோ வங்கியோ பெரிய ஒப்பந்ததாரரோ கேட்டால்தான் வருவார்கள். அப்படிக் கேட்கப்படும் நாளில் 320 பவுண்டு தடையாக இருப்பதில்லை.

தடையாக இருப்பது என்ன என்பதற்கு அந்தக் கணக்கர் அலுவலகத்துக்கே திரும்பிப் போகலாம். எட்டு மடிக்கணினிகள். அதில் ஐந்து விண்டோஸ் 10இல் ஓடுபவை. புதிய விண்டோஸ் 11 ஏறாத பழைய வன்பொருள். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறாவிட்டால் அந்த ஐந்தும் ஆதரவற்ற மென்பொருள் கணக்கில் வரும். சைபர் எசென்ஷியல்ஸ் கிடைக்காது. தீவிரமான பலவீனங்களுக்கான திருத்தங்களை 14 நாளுக்குள் நிறுவ வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. எட்டுப் பேரில் அதைத் தன் வேலையாக நினைப்பவர் யார்? ஐந்து புதிய மடிக்கணினிகளின் விலையோடு ஒப்பிட்டால் 384 பவுண்டு சில்லறை. கட்டண விலக்கு கொடுத்தால் அந்த உரிமையாளருக்கு மிச்சமாவது அந்தச் சில்லறைதான்.

மூன்றில் எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால், அடிப்படை நிலைச் சான்றிதழுக்கு பிரிட்டனின் நிர்ணயக் கட்டணத்தையும் சிங்கப்பூரின் தயாரிப்பு மானியத்தையும் சேர்த்து எடுப்பேன். மதிப்பீட்டாளரையும் ஆலோசகரையும் பிரிக்கும் விதியை அமெரிக்காவிடம் வாங்குவேன். நாட்டின் ரகசியம் சம்பந்தப்பட்ட உயர்நிலைக்கு அரசு ஊழியரே மதிப்பிட வேண்டும். கட்டணம் வாங்கி நடத்தும் அமைப்பு எதுவாக இருந்தாலும், வாங்கிய தொகை எப்படிப் பிரிகிறது, காப்பீட்டுக்கு எவ்வளவு, மதிப்பீட்டாளருக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்வேன். 384 பவுண்டு கட்டும் உரிமையாளர் தன் பில்லின் பின்புறத்தில் அந்தப் பிரிவினையைப் படிக்க முடிய வேண்டும்.

மானியத்தைப் பற்றி ஒரு நிபந்தனை. அதை முதல் ஆண்டோடு நிறுத்தக் கூடாது. இலவச உதவியில் சான்றிதழ் வாங்கிய தொண்டு நிறுவனத்துக்குப் பன்னிரண்டாவது மாதத்தில் புதுப்பிப்பு வந்து நிற்கிறது. உதவிக்கு வந்த நிபுணர் போய்விட்டார். கணினிகளைப் பார்த்துக்கொண்ட தன்னார்வலர் இடையில் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு நிர்வாகி உரிமையுள்ள கணக்கை அவசரத்தில் கொடுத்திருப்பார்கள். அந்த மாதத்தில் ஒருவர் நான்கு மணிநேரம் வந்து உட்கார்ந்து, கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையில்லாதவற்றை மூடிக் கொடுக்கும் செலவை அரசு ஏற்கட்டும். அதன்பிறகு வரும் 320 பவுண்டை அவர்களே கட்டுவார்கள்.